தூசியின் சட்டி

"பச்சைக் கறி நாயை மிருகமாக்கிவிடுமா சாமி?"

"அதுக்கு முன்னாடி அது என்னவே?"

அரியநாயகம் இடக்கையை நீட்டிக் காட்டினார். கட்டுப் போட்டிருந்தது.

பொட்டல் மடத்துக்குச் சீடர் இவர் ஒருவர்தான். சாமியைவிட இரண்டு வயது மூத்தவர். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். பெண்சாதி போனபின் பற்றை விடப்போகிறேன் என்று வந்து சேர்ந்தார். வரும்போது நாயையும் கூட்டிக்கொண்டு வந்தார். சாமி ஒன்றும் கேட்கவில்லை.

சிப்பிப்பாறை நாய். பெயர் தூசி. ஊரில் பால்சோறும் பிஸ்கட்டும் தின்று, சொறி பிடித்து, முடி கொட்டிக் கிடந்தது. பச்சையாகப் போட்டுப் பாரும் என்று யாரோ சொல்ல, அரியநாயகம் ஆரம்பித்தார். ஆட்டுக் கழுத்தெலும்பு, கொஞ்சம் ஈரல், ஓட்டோடு நொறுக்கின முட்டை, துருவின பூசணி. எல்லாம் அவரே வெட்டிக் கலந்து வைப்பார். சொறி போனது. உடம்பு எண்ணெய் தடவினது மாதிரி ஆனது.

மடத்தில் கறி சமைக்கக் கூடாது. அது விதி.

"அடுப்பில ஏறாததுக்கு விதி கிடையாது" என்று சாமி சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது கையில் கட்டு.

"ஊசி போட்டீரா?"

"போட்டாச்சு சாமி. விஷயம் அது இல்ல. வாசல்ல தோப்புக்கார மூக்காண்டி நிக்கார். லோடு ஆட்டோவும் சங்கிலியும் கொண்டாந்திருக்கார். தோப்புக் காவலுக்குத் தூசியைக் கேக்கார். ஆசைகாட்டி வண்டியில ஏத்தக் கழுத்தெலும்புகூட வாங்கிட்டு வந்து குடுத்துட்டார். ரத்த வாடை பழகின நாய் இனிமே திருந்தாதுன்னு சொல்லுதார்."

"தோப்பில அவுத்து விடுவானா?"

"மாட்டார். முன்னாடி இருந்த நாய் சங்கிலியிலயே கெடந்து செத்துது."

ஓடுவதற்கென்றே பிறந்த சாதி நாய். அது அரியநாயகத்துக்கும் தெரியும். தரையைப் பார்த்தார்.

"எப்பம் கடிச்சுது?"

"திங்கும்போது."

"அது திங்கும்போது உமக்கு அங்க என்ன வேலை?"

"பழக்கினேன் சாமி." அரியநாயகத்தின் குரலில் கொஞ்சம் பெருமை ஏறியது. "பாதி தின்னும்போது சட்டியை எடுத்திருவேன். கையில வச்சுக்கிட்டு நிப்பேன். அது அடங்கினதும் குடுப்பேன். மறுபடி எடுப்பேன். வாயில கெடக்க எலும்பைக்கூட வாங்கியிருக்கேன். பற்று மனுசனுக்கு மட்டுந்தானா? அதுவும் விட்டுப் பழகட்டும்னு பார்த்தேன்."

சாமி காது குடைந்தார்.

"முந்தாநேத்து கறியை நிப்பாட்டிட்டுத் தயிர்சோறு வச்சேன் சாமி. அதுக்கும் உறுமுது."

"அப்பம் தயிரும் மிருகமாக்குது."

வாசலில் ஹாரன் அடித்தது.

"அவர் காத்துக்கிட்டு நிக்கார் சாமி. சரின்னு ஒரு வார்த்தை சொன்னா..."

"நிக்கட்டும். நீர் சாப்பிட்டீரா?"

"நேத்திலிருந்து விரதம்."

விரதம் என்றால் பசி. வேறொன்றுமில்லை.

"விரதத்தை முறியும். உக்காரும்."

சாமியே பரிமாறினார். அது வழக்கமில்லை. சுடுசோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். அரியநாயகம் குழைத்து முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

இலை நகர்ந்தது.

எதிரே உட்கார்ந்து சாமி இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தள்ளிவிட்டார்.

அரியநாயகம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். சோதனை. இதுகூடத் தெரியாதா.

"புரிஞ்சுது சாமி."

"என்ன?"

"பொறுமை."

"சாப்பிடும்."

அடுத்த கவளம் எடுக்கும்போது மறுபடி இழுத்தார். இந்தத் தடவை சோற்றுக்குள் கையை விட்டார். கிளறினார். அப்பளத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்ப வைத்தார். நொறுங்கியிருந்தது.

அரியநாயகத்தின் சிரிப்பு பாதியாயிற்று.

மறுபடி இழுத்தார். மறுபடி தள்ளினார்.

சிரிப்பு போயிற்று.

அரியநாயகம் வேகமாகத் தின்ன ஆரம்பித்தார். மெல்லவில்லை, விழுங்கினார். கண் சோற்றில் இல்லை, சாமியின் கையில் இருந்தது. தோள் இலைமேல் கவிந்திருந்தது. எப்போது கவிந்தது என்று அவருக்கே தெரியாது.

வெளியே ஹாரன் விடாமல் அடித்தது.

சாமியின் கை மெதுவாக வந்தது.

கட்டுப் போட்ட இடக்கை இலைமேல் பொத்தென்று விழுந்தது. அரியநாயகத்தின் தொண்டைக்குள் ஏதோ ஒரு சத்தம் புறப்பட்டது. அதில் வார்த்தை இல்லை.

கொட்டகையில் கட்டிக் கிடந்த தூசி காதைத் தூக்கியது. எழுந்து நின்றது.

சாமி கையை எடுத்துக்கொண்டார். எழுந்தார். திரும்பிப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அரியநாயகம் இலையை நேராக்கி வைத்தார். பிறகு ஒரு பருக்கை விடாமல் தின்றார். யாரும் பார்க்கவில்லை.

கை கழுவிவிட்டு மூக்காண்டி கொடுத்துவிட்டிருந்த கழுத்தெலும்பை எடுத்தார். முட்டையை ஓட்டோடு நொறுக்கிப் போட்டார். சட்டியைக் கொண்டுபோய்த் தூசியின் முன்னால் வைத்தார்.

தூசி சட்டியைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அது அப்போதும் தின்னவில்லை. அவர் முகத்தைப் பார்த்தது.

கயிற்றை அவிழ்த்துவிட்டார். முதுகைக் காட்டித் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார்.

"நாய் எங்கவே?" என்றார் மூக்காண்டி.

"திங்குது."

"என் எலும்பையா?"

"ஆமா."

"சரி, திங்கட்டும். உள்ள வந்து பக்கத்தில நிக்கேன். முடிச்சதும் சங்கிலியைப் போட்டுருதேன்."

அரியநாயகம் கதவைச் சாத்தி அதன் குறுக்கே நின்றார்.

"நிக்க வேண்டாம். அதுக்குப் பிடிக்காது. வண்டியை எடும்."

பின்னால் எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அரியநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை.