சூடு ஆறும் முன்

சென்னியப்பனுக்கு வயது நாற்பத்தாறு. அவருடைய குருவுக்கு முப்பத்துமூன்று. முதல் நாள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தவர், எதிரே வந்த பெண்ணிடம், "டாக்டரம்மா எப்ப வருவாங்க கண்ணு?" என்று கேட்டுவிட்டார். கேட்டது டாக்டரம்மாவிடமேதான். அந்தக் கட்டடத்தில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

குருவின் பெயர் ஜெஸிந்தா. நாகர்கோவில்காரர். கேள்வி கேட்டால் பதில் சொல்லமாட்டார், ஒரு வேலையைத் தொடங்கிவிடுவார்.

சீடர் சர்க்கரை ஆலையில் பதினெட்டு வருஷம் பாய்லர் பார்த்தவர். மலைமலையாய்க் குவியும் கரும்புச் சக்கையை எரித்தே தள்ளுகிறோமே, இதிலிருந்து வண்டி ஓட்ட எண்ணெய் எடுத்தால் என்ன என்ற கேள்வி அவரைப் பேய்போலப் பிடித்துக்கொண்டது. தபாலில் எம்.எஸ்ஸி. படித்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு ஆய்வுக்கு வந்துவிட்டார். கழுதைக்கு வயசானா புத்தி வரும், இவருக்குப் போய்விட்டது என்று ஊர் பேசியது.

ஐந்து வருஷம் போயிற்று. சக்கையிலிருந்து இறக்கிய புளித்த சாற்றை எண்ணெயாக மாற்ற ஒரு வினையூக்கி வேண்டும். கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி, நீராவி விட்டுத் துளைபோட்டார். அந்தக் கரியில் ஒரு கிராம் எடுத்து, அதன் துளைகளையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் கால் ஏக்கர் வரும். அந்தத் துளைகளில் பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக உட்காரவைத்தார். வேலை செய்வது உலோகம். அதற்கு இடம் கொடுத்துப் பிடித்துவைப்பது கரி.

அன்று காலை அவர் ஓட்டமும் நடையுமாகக் குருவின் அறைக்கு வந்தார்.

"தொண்ணூத்தி ஒண்ணுங்க மேடம்."

"எத்தன தடவ?"

"ஆறு வாட்டிங்க. அதே கரிய அலசி அலசிப் போட்டேன். ஒரு வாட்டிகூடக் கொறயலீங்க."

நூறு பங்கில் தொண்ணூற்றொரு பங்கு எண்ணெய். ஐந்து வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

கையில் ஒரு கடிதம் வைத்திருந்தார். பழைய ஆலைக்கு எழுதியது. பலன் வந்தால் ஒரு சின்ன உலை போட்டு ஓட்டிப் பார்ப்பதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு முனையில் சாறு ஏறிக்கொண்டே இருக்கும், கரி உள்ளேயே கிடக்கும், மறு முனையில் எண்ணெய் சூட்டோடு இறங்கிக்கொண்டே இருக்கும். சொல்வதற்கு அன்றுதான் கடைசி நாள். தவறினால் அடுத்த வருஷக் கரும்பு அரவைதான். அவருடைய ஆய்வுக் காலமோ ஆறு மாதத்தில் முடிகிறது.

"ஒரே ஒரு கையெழுத்துங்க."

"உலோகம் கரிய விட்டு வெளிய வருதான்னு பாத்தீங்களா அண்ணே?"

"பாக்காம வருவனுங்களா? வடிகட்டுன சாத்த மெசின்ல குடுத்துப் பாத்தாச்சுங்க. உலோகம் பேருக்குக்கூட இல்ல. அத்தனையும் கரியிலதான் உக்காந்திருக்குது."

"எப்பம் வடிகட்டினீங்க?"

"ஆறுன பொறகுதானுங்க. நூத்தி எண்பது டிகிரி. சூட்டோட தொறந்தா மூஞ்சி வெந்துபோயிருமுங்க."

ஜெஸிந்தா பேனாவை மூடினார். அலமாரியிலிருந்து தடித்த கையுறைகளை எடுத்தார். கையெழுத்துக் கேட்டு வந்தவர் கையுறையைப் பார்த்ததும் திகைத்தாலும், அவருக்குப் பயம் இல்லை. மடியில் கனமில்லை என்ற தைரியம்.

இரண்டு எஃகுக் கலன்களை ஒரு குழாயால் இணைத்தார்கள். குழாயின் வாயில் கரியை விடாத நுண்ணிய சல்லடை. முதல் கலத்தில் சாறும் கரியும் போட்டு, ஹைட்ரஜன் வாயு ஏற்றிச் சூடாக்கினார்கள். வேலை நடக்க நடக்க வாயு செலவாகும், அழுத்தம் காட்டும் முள் இறங்கும். பாதி வேலையில், சூடு ஆறாமலேயே குழாயைத் திறந்தால் சாறு மட்டும் இரண்டாவது கலத்துக்குப் போகும்.

"அங்க கரி கிடையாது. முள்ளு என்ன செய்யணும்?"

"நிக்கோணுமுங்க. கரியும் உலோகமும் இல்லாம என்னத்த வேல நடக்கும்?"

"சரி. தொறங்க."

சாறு சீறிக்கொண்டு பாய்ந்தது. இரண்டாவது கலத்துக்கும் அதே சூடு கொடுத்து, முள் நாற்பதில் நிற்கும்வரை வாயு ஏற்றினார்கள். அதற்குள் செய்தி பரவி, மாடியிலிருந்த மாணவர்களெல்லாம் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள்.

ஐந்து நிமிஷம். நாற்பது.

பத்து நிமிஷம். நாற்பது. சென்னியப்பன் சென்னிமலை முருகனைக் கும்பிட்டுக்கொண்டார். எதுவுமே நடக்கக்கூடாது என்று இத்தனை ஆசையாக அவர் என்றைக்கும் காத்திருந்ததில்லை.

பதினைந்தாவது நிமிஷம் முள் முப்பத்தொன்பதுக்கு வந்தது.

"எங்கியோ கசியுதுங்க."

ஜெஸிந்தா சோப்புத் தண்ணீரை மூட்டு மூட்டாகத் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. முள் முப்பத்தேழு. முப்பத்தைந்து.

சென்னியப்பன் முகத்தைக் கலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கண் முள்ளைவிட்டு நகரவில்லை. ஐந்து வருஷமாகத் தனக்குத் தெரியாமல் நடந்த ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பரபரப்பு அவருக்கு.

"உலோகம் சாத்துக்குள்ள எறங்கி வந்திருக்குதுங்க. இங்க தனியா வேல பாக்குது."

"ஆமா. சூட்டுல வருது."

"நா ஆற வெச்சதும், திரும்பப் போய்க் கரியில ஏறிக்கிட்டிருக்குது. பொண்டாட்டி ஊருக்குப் போனதும் சீட்டாடப் போயிட்டு, அவ பஸ்ஸ விட்டு எறங்கறதுக்குள்ள ஊட்டுல வந்து உக்காந்துக்கறவனாட்டம்."

மாணவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கடிதத்தின் ஞாபகம் வந்தது. யோசித்தார். முகம் மறுபடி மலர்ந்தது.

"மேடம், அதுதான் திரும்பி வந்துருதுங்களே. ஆறு வாட்டியும் வந்திருக்குது. ஒரு துளி வீணாகல. தொண்ணூத்தொண்ணும் பொய்யில்ல. ஆறுனா ஊடு வந்து சேர்ற உலோகத்துல என்னங்க கொற?"

நியாயமான கேள்விதான். மாணவர்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவர் கடிதத்தைப் பிரித்துக் குருவின் முன் நீட்டினார்.

ஜெஸிந்தா கையுறைகளைக் கழற்றினார். கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தார். கையெழுத்துப் போடுவதற்குப் பேனாவையும் திறந்துகொண்டார்.

"அரவை ஆரம்பிச்சா, ஆலையில உலைய எப்பம் ஆற விடுவாங்க அண்ணே?"