கை நனைக்காத நாரை

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், மலைக்கு அப்பாலிருந்த ஏரித் தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவர ஒரு சுரங்கம் வெட்டச் சொன்னார் சிங்கராஜா. அதற்கு அதிகாரி ஒரு காட்டுப்பன்றி. தோண்டுவதெல்லாம் அழுங்குகள். அழுங்கைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? உடம்பெல்லாம் செதில் மூடிய பிராணி, பாவம், வாயில்லாப் பூச்சி. அதட்டினால் பந்தாய்ச் சுருண்டுகொள்ளும்.

அவர்களில் ஒருத்தி செல்லாயி. அவள் புருஷன் மூக்கனுக்கும் அங்கேதான் வேலை. கைக்குழந்தை அவள் வால்மேல் தொற்றிக்கொண்டே வரும்.

ஒருநாள் சுரங்கத்தின் கூரையில் ஈரம் கசிய ஆரம்பித்தது.

"ஐயா, மரத்தால் முட்டுக் கொடுத்துவிட்டுத் தோண்டலாமே" என்றாள் செல்லாயி.

"முட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் வேலை எப்போது முடியும்? போடி, உன் வேலையைப் பார்!" என்று உறுமியது பன்றி.

எப்படியோ இந்தப் பேச்சு ராஜா காதுக்கு எட்டிவிட்டது. "நம் காட்டு ஆள் போனால் முகதாட்சண்யம் பார்ப்பான்" என்று அடுத்த காட்டிலிருந்து ஒரு நாரையைத் தணிக்கைக்கு வரவழைத்தார். பரம யோக்கியன் என்று பேரெடுத்த நாரை அது. தணிக்கைக்குப் போன இடத்தில் கை நனைக்காது. ஒரு வாய் சாப்பிடாது.

பன்றி என்ன செய்தது தெரியுமா? தாமரை இலையில் அயிரை மீனைக் குவித்து வைத்து, பெரிய கும்பிடாகப் போட்டது.

"சேச்சே! வேலைக்கு வந்த இடத்தில் நான் கை நனைப்பதில்லை" என்றது நாரை.

"அது தெரியாதா, ஐயா? ஆனால் தங்களுக்குக் கை ஏது? அலகுதானே நனையும்!"

நாரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பசியும் இருந்தது. இலை காலியானது.

அப்புறம் சுரங்க வாசலில் போய் நின்று, "யாருக்காவது குறை உண்டா? என்னிடம் சொன்னால் வெளியே போகாது" என்றது.

மற்ற அழுங்குகள் சுருண்டுகொண்டன. செல்லாயிக்கும் சுருண்டுகொள்ளத்தான் தோன்றியது. ஆனால் மூக்கன் உள்ளே தோண்டிக்கொண்டிருக்கிறானே! நாரையைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னாள்: "கூரை இன்றோ நாளையோ விழுந்துவிடும், ஐயா. என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்."

"கவலைப்படாதே அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்."

நாரை நேரே பன்றியிடம்தான் போனது. சாப்பிட்ட இடமாயிற்றே, ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினால் நன்றாயிருக்குமா? "செல்லாயி இப்படிச் சொல்கிறாளே, நிஜமா?" என்று கேட்டது.

"அவளா? சரியான சோம்பேறி, ஐயா! வேலை செய்யாமலிருக்க ஒரு சாக்கு."

"எல்லாம் சரியாக உள்ளது" என்று ராஜாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாரை பறந்துபோனது. அடப்பாவி! எட்டி ஒருமுறை அந்தக் கூரையைப் பார்த்திருக்கக் கூடாதா?

அன்றைக்கே பன்றி மூக்கனைக் கூப்பிட்டது. "உன் பெண்டாட்டிக்கு வாய் நீளமாமே? இனி நீ கடைசி முனையில் தோண்டு." கசிவு அதிகமாக இருந்த இடம் அது.

மூன்றாம் நாள் கூரை இடிந்தது. ஏரி உள்ளே பாய்ந்து, சுரங்கம் சேற்றால் அடைத்துக்கொண்டது. பதினோரு அழுங்குகள் செத்துப்போயின. மூக்கனின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. நகம் தேயத் தேயச் சேற்றைப் பறித்துக்கொண்டே கதறினாள் செல்லாயி.

ராஜா கொதித்துப்போனார். "மறுபடியும் விசாரியுங்கள்!" இடம் தெரிந்தவர் என்று அதே நாரையையே அனுப்பினார்கள். பக்கத்தில் பன்றி நின்றுகொண்டிருந்தது.

"பயப்படாமல் சொல்லம்மா. கூரை ஏற்கெனவே கசிந்ததா?" என்று கேட்டது நாரை.

செல்லாயி பன்றியைப் பார்த்தாள். வாலைக் கெட்டியாகப் பிடித்திருந்த குழந்தையைப் பார்த்தாள். இனி அதற்கு அவளை விட்டால் யார்?

"எனக்கு ஒன்றும் தெரியாது, ஐயா. கூரை நன்றாகத்தான் இருந்தது."

நாரை அதை அப்படியே எழுதிக்கொண்டது. மறுநாள் பக்கத்திலேயே புதுச் சுரங்கம் வெட்ட ஆரம்பித்தார்கள். செல்லாயியும் குழந்தையோடு உள்ளே இறங்கினாள்.

நீதி: விசாரிக்க வந்தவர் விசாரிக்கப்படுபவரின் விருந்தாளியானால், தண்டனை உண்மை சொன்னவருக்கே கிடைக்கும்.