கப்பல் ஆல்பத்தின் நாலாம் பக்கம்

"ரெக்கார்ட் பிளேயர் ஊசி தேஞ்சு போச்சு டீச்சர்," என்றார் குணாளன். "கடைசிப் பாட்டைக் கேட்டா முன்ன மாதிரி அழுகை வரமாட்டேங்குது."

எஸ்தர் டீச்சர் கோத்தகிரியில் கிட்டார் சொல்லிக்கொடுப்பவர். குணாளனைவிட வயதில் இளையவர். ஆனாலும் டீச்சர் முன்னால் குணாளன் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

"புது ஊசி போட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

"ஸ்பீக்கர்?"

"அதையும் மாத்திட்டேன்."

"அப்புறம் ஏன் சார் ஊசி மேல பழி போடுறீங்க?"

குணாளன் பையிலிருந்து இசைத்தட்டை எடுத்து நீட்டினார். ஒரே ஒரு தட்டு. செய்தித்தாளில் சுற்றியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் வீட்டில் ராக் இசைக் கிறுக்கர்கள் கூடுவார்கள். இரண்டு தட்டு, நாலு பக்கம் கொண்ட இரட்டை ஆல்பங்களில் உலகத்திலேயே சிறந்தது எது என்பதுதான் பேச்சு. ஆளுக்கு ஒன்றைத் தூக்கிப் பிடிப்பார்கள். டீ ஆறிப்போகும். இரட்டை ஆல்பம் என்றாலே பாதி சக்கைதான், வெட்டி ஒரே தட்டாக்கியிருக்கலாம் என்று யாராவது சொல்வார். எல்லாரும் சேர்ந்து அவர் மேல் பாய்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஆல்பத்துக்காக வாதாடியவர்கள் இரண்டே பேர். ஒரே இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கும் குணாளன், டிரம்ஸ் வாசிக்கும் பெலிக்ஸ். கப்பல் ஆல்பம் என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். முதல் பாட்டில் ஒரு கப்பல் கரையை விட்டுக் கிளம்பும். கடைசிப் பாட்டில் ஊர் திரும்பும். நடுவில் முழுக்கக் கடல்தான். என்ன ஆல்பம் அது! ஒரு தடவை கேட்டுவிட்டால் அன்றைக்கு வேறு பாட்டு எதுவும் காதில் ஏறாது.

சண்டை வந்ததும் அதில்தான்.

முதல் பாட்டும் கடைசிப் பாட்டும்தான் அதன் உயிர், நடுவில் இருப்பதெல்லாம் இட்டு நிரப்பியது என்றார் குணாளன். நடுவில் வரும் டிரம்ஸ்தான் ஆல்பமே, முன்னாலும் பின்னாலும் இருப்பது வெறும் அட்டை என்றார் பெலிக்ஸ். வார்த்தை தடித்தது. இருவரும் சேர்ந்து வாங்கிய ஆல்பத்தைப் பிரித்துக்கொள்வது என்று முடிவானது.

பிரிப்பதும் சுலபமாகிவிட்டது. தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக விழுந்து பாடும் பழைய பிளேயர்களுக்காகச் செய்த ஆல்பம் அது. முதலில் ஒன்றும் இரண்டும் பாடும், அடுக்கை அப்படியே திருப்பி வைத்தால் மூன்றும் நாலும். அதனால் ஒன்றாம் பக்கமும் நாலாம் பக்கமும் ஒரு தட்டில் இருந்தன. இரண்டும் மூன்றும் இன்னொரு தட்டில். அவரவருக்குப் பிடித்த தட்டை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். அதோடு பேச்சும் நின்றது, அவர்களுடைய இசைக்குழுவும் நின்றது. தட்டுகள் இரண்டையும் வைக்கும் அட்டை யாருக்கு என்று மட்டும் முடிவாகவில்லை. அது டீச்சரிடமே தங்கிவிட்டது.

டீச்சர் தட்டைத் துடைத்து பிளேயரில் வைத்தார்.

கப்பல் மணி அடித்தது. கிட்டார் மெல்ல எழுந்தது. குணாளன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த இடம் டீச்சர்... இதை வாசிச்சவன் மனுஷனே இல்ல."

"ஆமா சார்," என்றார் டீச்சர். அவருக்கும் புல்லரித்துத்தான் இருந்தது.

ஒன்றாம் பக்கம் முடிந்தது. டீச்சர் ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

குணாளன் எழுந்தார். "திருப்பிப் போடட்டுமா?"

"எதுக்கு?"

"நாலாம் பக்கம் கேக்கணுமே."

"அது இன்னும் வரலையே சார்."

டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் குணாளனும் உட்கார்ந்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"டீச்சர், இப்ப என்ன பண்றோம்?"

"ரெண்டாம் பக்கம் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"அது பெலிக்ஸ்கிட்ட இருக்கு."

"தெரியும்."

டீச்சர் அசையவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து குணாளனின் விரல்கள் முழங்காலில் தட்டத் தொடங்கின. அவருக்கே தெரியாமல்தான். புயல் வரும் இடம். காற்று ஏறும், கப்பல் சாயும், டிரம்ஸ் ஒரே மூச்சில் ஓடி வந்து சட்டென்று நிற்கும்.

விரல்கள் நின்றன.

"இதுக்கப்புறம் என்ன டீச்சர்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

குணாளன் திரும்பத் தட்டிப் பார்த்தார். அதே இடத்தில் வந்து நின்றார். அந்த இடத்தில் பெலிக்ஸ் ஒரு அடியை விட்டுவிட்டு, இவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம்தான் அடிப்பார். அந்தப் பாட்டை மேடையில் வாசிக்கும்போதெல்லாம், கச்சேரிக்குக் கச்சேரி அப்படித்தான். அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்துதான் குணாளன் தன் கிட்டாரைத் தொடங்குவார்.

இப்போது அழுகை வந்தது. கடைசிப் பாட்டு இன்னும் தொடங்கவே இல்லை.

டீச்சர் உள்ளே போய் அட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்து வைத்தார். இரண்டு உறைகளும் காலியாகக் கிடந்தன.

குணாளன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் இங்க வந்தானா?"

"போன வாரம் வந்தார். டிரம்ஸ் சத்தம் இப்பல்லாம் எடுபடலையாம். பிளேயரை விக்கப் போறேன்னார்."

குணாளன் எழுந்தார். செருப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. தேடுவதை விட்டுவிட்டு வாசல் கதவைத் திறந்தார்.

"இந்த மழையில எங்க சார்?"

அவர் அதற்குள் படியிறங்கியிருந்தார். தெருவில் நின்று திரும்பிக் கத்தினார்.

"நாங்க வர்ற வரைக்கும் திருப்பிப் போட்டுறாதீங்க டீச்சர்!"