தழும்பு கேட்ட கதவு

“டிஸ்க் டிரைவ் படுத்துற பாடு தாங்கலீங்க டீச்சர்” என்று புலம்பிக்கொண்டே மாடியேறி வந்தார் ஆறுச்சாமி.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் அல்ல. பெயர் ஜெசிந்தா. ஆறுச்சாமியைவிடப் பதினைந்து வயது இளையவர்.

உக்கடத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில், பழைய டிவி கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் கிறுக்கர்கள் ஞாயிறுதோறும் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் குரு. பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

ஆறுச்சாமியோ பம்ப் கம்பெனியில் தரச் சோதனை பார்ப்பவர். “என் கை பட்டு வெளிய போன சாமான்ல குத்தம் கண்டுபிடிக்க இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரோணும்” என்பார். வெறும் பீற்றல் என்று நினைக்க வேண்டாம், உண்மைதான். என்ன ஒன்று, வீட்டிலும் மனுஷனுக்கு அதே வேலை. தோசை வட்டம் தப்பினால்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட மாட்டார்.

“என்ன ஆட்டம்?” என்றார் டீச்சர். பழைய கன்ட்ரோலர் ஒன்றின் பொத்தான்களைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பனிக்கோட்டைங்க. எங்க வீட்டுக்காரி ஆடுனது.”

சொல்லும்போதே ஆறுச்சாமிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பின்னே? சுலோச்சனா ஆட உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள். கையில் சுத்தியலோடு ஒரு பெண் கோட்டைக்குள் புகுந்து போகும் ஆட்டம் அது.

சுலோச்சனாவிடம் ஒரு பழக்கம். புதிதாக எந்த அறைக்குள் போனாலும் முதலில் இடது சுவரைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுவாள். அங்கே ஒரு மண்ணும் இருக்காது. “நேராப் போ புள்ள, நேரம் வீணாப் போகுது” என்று பக்கத்தில் இருந்து திருத்துவார் ஆறுச்சாமி. “சித்த சும்மா இருங்க” என்று இன்னும் ரெண்டு தட்டு சேர்த்துத் தட்டுவாள்.

அப்படித் தட்டித் தட்டியே கடைசிக் கதவுவரைக்கும் போய்விட்டாள். அன்றைக்குப் பார்த்து கேம் பெட்டி செத்துப்போனது. “கதவு ஒண்ணுதான் பாக்கி” என்று இத்தனை வருஷமாக அவள் சொல்லாத ஆளில்லை.

“நான் ஓட வெச்சுத் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டனுங்க. இன்னிக்குச் சாயங்காலம் அவ தம்பி குடும்பத்தோட வர்றான். அவன் கண்ணு முன்னாடி அந்தக் கதவைத் தொறக்கோணுமாம். ‘உங்க கை பட்டா ஓடாம இருக்குமா’ன்னு வேற சொல்லிப்போட்டா.”

“ஓடுதா?”

“ஓடுதுங்க. பழைய மெமரி கார்டுல இருந்து அவ விட்ட எடத்தைக்கூட எடுத்துட்டேன். கடைசிக் கதவுகிட்டப் போனதும் திரை கறுத்துப் போகுது. ‘டிஸ்க் டிரைவைச் சரிபார்க்கவும்’னு வருது. அப்புறம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே கெடக்குது.”

அந்த டிரைவ் நிஜ டிரைவ் அல்ல. எமுலேட்டர் என்று ஒரு சாஃப்ட்வேர், பழைய கேம் பெட்டி மாதிரியே நடிக்கும். டிஸ்க்கின் நகலைப் படித்துக்கொண்டு, டிரைவ் ஒன்று சுற்றுவதுபோல் பாவனை காட்டும்.

அந்தப் பாவனை டிரைவை ஆறுச்சாமி விட்டுவைக்கவில்லை. வேகத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். எமுலேட்டரை மாற்றினார். கம்ப்யூட்டரையே மாற்றினார். கதவு அசைந்து கொடுக்கவில்லை.

“டிஸ்க் எங்க?”

ஆறுச்சாமி பையிலிருந்து எடுத்து நீட்டினார். வெள்ளிப் பூச்சு உரிந்துபோய், ஜன்னல் வெளிச்சம் ஓட்டை ஓட்டையாக மறுபக்கம் தெரிந்தது.

“நகல் எடுக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுங்க. நேத்து மறுபடி போட்டேன். இப்படி உரிஞ்சு போச்சு. இனி எந்த டிரைவும் இதைப் படிக்காது. கையில இருக்கிறது நகல்தான். அது ஓடலைன்னா...”

குரல் கம்மியது.

“அந்தக் கதவு அவளுக்கு இல்லவே இல்லீங்க டீச்சர்.”

டீச்சர் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தார்.

“நகல் எப்படி?”

கம்மிய குரல் எங்கே போனதோ, நெஞ்சு மறுபடி நிமிர்ந்துவிட்டது.

“நகலைப் பத்திப் பேச்சே வேண்டாமுங்க. மொதல்ல எடுத்த நகல்ல அங்கங்கே பிழை இருந்துச்சு. விடுவனா நானு? ரிப்பேர் சாஃப்ட்வேர் போட்டு ஒண்ணு விடாமத் திருத்திட்டேன். அந்த ஆட்டத்தைச் செஞ்ச கம்பெனிக்காரன் வெச்சிருக்கிற டிஸ்க்குகூட அத்தனை சுத்தமா இருக்காது!”

டீச்சர் பஞ்சைக் கீழே வைத்தார்.

“பள்ளிக்கூட சர்டிபிகேட்ல உங்களுக்கு அங்க அடையாளம் என்னன்னு எழுதியிருக்கு?”

இதென்னடா வம்பு! கதவைப் பற்றிக் கேட்க வந்தால் சர்டிபிகேட்டைப் பற்றிக் கேட்கிறாரே. ஆனாலும் குரு கேட்டால் சொல்லத்தானே வேண்டும்.

“இடது புருவத்துல வெட்டுத் தழும்புன்னு இருக்குங்க. சின்ன வயசுல கெணத்து மேட்டுல விழுந்தது.”

“நல்ல மூக்கு. நல்ல காது. அதையெல்லாம் விட்டுட்டாரா உங்க ஹெட்மாஸ்டர்?”

“அதெல்லாம் எல்லாருக்கும் இருக்கிறதுதானுங்களே!”

டீச்சர் பஞ்சை எடுத்துக்கொண்டார். பொத்தானைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். போய் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

ஆறுச்சாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த வெயிலில் பஸ் ஏறி வந்ததற்கு இதுதானா மரியாதை? முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

பாதிப் படியில் நின்றுவிட்டார். கை தானாகப் புருவத்துக்குப் போனது.

மூச்சிரைக்கத் திரும்ப ஏறி வந்தார்.

“டீச்சர்! அந்தப் பிழையெல்லாம் டிஸ்க்கு கெட்டதால வந்தது இல்லீங்களா? ஆட்டத்தைச் செஞ்சவனே வேணும்னு வெச்சதுங்களா? எது தன் டிஸ்க்கு, எது கள்ள டிஸ்க்குன்னு தெரிஞ்சுக்க?”

டீச்சர் நிமிரவில்லை.

“கதவுகிட்ட வந்ததும் ஆட்டம் அந்தத் தழும்பைத்தான் தேடுதுங்களா?”

“தேடட்டும். நீங்கதான் சுத்தமா தொடைச்சு வெச்சிருக்கீங்களே.”

“அட என் புத்தியே!” ஆறுச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். “டிரைவ் மேல பழியப் போட்டுட்டுத் திரிஞ்சேனே!”

“அந்த மொத நகலை அழிச்சாச்சா?”

இந்தக் கேள்விக்கு ஆறுச்சாமி நிமிர்ந்த நிமிர்வைப் பார்க்க வேண்டுமே! கூரை கொஞ்சம் உயரமாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

“என்ன கேட்டுப்போட்டீங்க? எங்க கம்பெனியில ரிஜெக்ட் ஆன பம்பைக்கூட அன்னிக்கே ஒடைக்க மாட்டோமுங்க. செவப்புப் பெட்டியில போட்டு வெப்போம். மாசக் கடைசியில இன்னொருக்கா நானே பாத்துட்டுத்தான் ஒடைக்க விடுவேன். என் கம்ப்யூட்டர்லயும் ரிஜெக்ட்னு ஒரு ஃபோல்டர் இருக்குது. அதுலதான் கெடக்குது.”

ஜெசிந்தா அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தார்.

“அப்புறம் இங்க என்ன வேலை? வீட்டுக்குப் போங்க.”

சாயங்காலம் வீடு நிறைந்திருந்தது. சுலோச்சனாவின் தம்பி மயில்சாமி, அவன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆறுச்சாமி ரிஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து, அந்த முதல் நகலை ஒரு பிழைகூடத் திருத்தாமல் அப்படியே ஏற்றினார்.

சுலோச்சனா கன்ட்ரோலரைக் கையில் வாங்கினாள். வாங்கியதும் விரல்கள் தாமாகப் பொத்தான் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டன.

கோட்டை வந்தது. கடைசிக் கதவு வந்தது.

திரை கறுத்தது.

உள்ளே அந்தப் பாவனை டிரைவ் எதையோ தேடியது. போச்சு, மானம் போச்சு என்று நினைத்து ஆறுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

“பாத்தியாடா மயிலு! பாத்தியாடா!”

கண்ணைத் திறந்தார். கதவு அகலத் திறந்து கிடந்தது. சுலோச்சனாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “எங்க வீட்டுக்காரர் கை வெச்சா சும்மாவா?” என்றாள் தம்பியிடம். இவள் என் பொண்டாட்டி என்று தெருவில் நின்று கத்த வேண்டும்போல் இருந்தது ஆறுச்சாமிக்கு.

கதவுக்கு அந்தப் பக்கம் பெரிய முற்றம். அதன் நடுவே தங்கப் படிக்கட்டு பளபளவென்று நேர் எதிரே நின்றது.

சுலோச்சனா படிக்கட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே இடது சுவருக்குப் போய்ச் சுத்தியலை ஓங்கினாள். டொக். டொக்.

மயில்சாமிக்குப் பொறுக்கவில்லை. “என்ன மச்சான், அங்க ஒண்ணுமே இல்லியே! நேராப் போகச் சொல்லுங்க. எப்பவும் நீங்கதானே சொல்லுவீங்க?”

ஆறுச்சாமி புருவத்தைத் தடவிக்கொண்டார்.

“தட்டட்டும் விடு மாப்ள. இல்லாட்டி வந்திருக்கிறது உங்கக்காதான்னு கோட்டைக்கு எப்படித் தெரியும்?”