ரோனியின் பாட்டும் லெஸ்லியின் கிதாரும்

லெஸ்லி பார்ட்ராமின் கிதாரைக் கேட்காத வீடு இங்கிலாந்தில் குறைவு. அவன் பெயரைக் கேட்ட வீடுதான் இல்லை. லண்டன் ஸ்டுடியோக்களில் காலையில் ஒருவர் பாட்டுக்கு வாசிப்பான். மாலையில் இன்னொருவர் பாட்டுக்கு. சொந்தமாகவும் பாட்டு எழுதுவான். அவற்றைப் பாடத்தான் யாரும் முன்வரவில்லை.

அவனோடு ஒரே குழுவில் தொடங்கிய ரோனி கேல் இப்போது பெரிய பாடகன். சுவரெல்லாம் ரோனியின் படம். பஸ்ஸில் போகும்போது லெஸ்லி அந்தப் பக்கம் திரும்ப மாட்டான்.

ஒரு நாள் ரோனியின் புதுப் பாட்டுக்கு வாசிக்க லெஸ்லியை அழைத்தார்கள். பாட்டில் ஏதோ குறைந்தது. பல்லவி தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு வெறுமை. எல்லோரும் மாலைவரை மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அங்கே என்ன வர வேண்டும் என்று லெஸ்லிக்குத் தெரிந்துவிட்டது. கிதாரில் ஒரே ஒரு சின்ன வரி.

அவன் வாசிக்கவில்லை.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்று கிதாரைப் பெட்டியில் வைத்து மூடினான்.

மறுநாள் காலை மார்ஜரியின் வீட்டுக்குப் போனான். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் மார்ஜரியிடம்தான் அவன் இசை படித்தான். இத்தனை வருடம் கழித்தும் மனசு சரியில்லை என்றால் அவரைத்தான் தேடிப் போவான்.

நடந்ததைச் சொன்னான். "அவனுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை" என்றான்.

"ஏன் கொடுக்க வேண்டும்? நீயே வைத்துக்கொள். உன் பாட்டு ஒன்றில் போடு" என்றார் மார்ஜரி. "இப்போதே."

லெஸ்லிக்குச் சந்தோஷம். கிதாரை எடுத்தான். தன் பாட்டு ஒன்றைப் பாடி, நடுவில் அந்த வரியை நுழைத்தான். ஒட்டவில்லை. இன்னொரு பாட்டில் நுழைத்தான். துருத்திக்கொண்டு நின்றது. கடைசியில் வரியை மட்டும் தனியாக வாசித்தான். யாரோ சுருதி சேர்த்துப் பார்ப்பதுபோல இருந்தது.

"நேற்று நன்றாக இருந்தது" என்றான்.

"நேற்று எதைக் கேட்டுக்கொண்டிருந்தாய்?"

"அவன் பாட்டை."

"எப்படிக் கேட்டாய்?"

"எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டே கேட்டேன்." லெஸ்லியின் முகம் சிவந்தது. "இந்தப் பாட்டு தோற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்."

"அவன் பாட்டை அவ்வளவு கவனமாக அவன்கூடக் கேட்டிருக்க மாட்டான்" என்றார் மார்ஜரி.

லெஸ்லி ஸ்டுடியோவுக்குப் போய் அந்த வரியை வாசித்தான்.

அந்தக் கோடையில் பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. ரொட்டிக் கடையில் நின்றவர்கள் சொற்களை விட்டுவிட்டு, கிதார் வரியை வாய்க்குள் முனகினார்கள். முனகிவிட்டு, "ரோனி கேல்னா ரோனி கேல்தான்" என்றார்கள். லெஸ்லி ரொட்டி வாங்காமலே திரும்பினான்.

குளிர் தொடங்கியபோது மறுபடியும் மார்ஜரியிடம் வந்தான்.

"நீங்கள் சொன்னதைக் கேட்டு வாசித்தேன். வயிற்றெரிச்சல் இன்னும் கூடிவிட்டது."

"வாசிக்கச் சொன்னேனா?"

லெஸ்லி யோசித்தான். "இல்லை" என்றான்.

"ரோனி என்ன சொல்கிறான்?"

"இன்று காலை போன் செய்தான். மேடையில் அந்த வரி வந்ததும் கூட்டம் எழுந்து ஆர்ப்பரிக்கிறதாம். அவன் பாடும்போது அப்படி இல்லையாம். அந்த இடம் வரும்போதெல்லாம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறானாம். 'உனக்கு மட்டும் எப்படியடா வருகிறது? எனக்கு ஏன் வரவில்லை?' என்று கேட்டான்."

"எந்தக் குரலில் கேட்டான்?"



"நான் உங்களிடம் பேசுகிற குரலில்" என்றான் லெஸ்லி.

"நீ என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு இங்கே வந்தேன்."

"கூப்பிட்டவன் அங்கே இருக்கிறான்" என்றார் மார்ஜரி. "நீ எதற்கு இங்கே வந்தாய்?"