குழியும் வயலும்

ஒரு காட்டில் ஒரு கோடையில் தீப்பிடித்தது. புல் போனது, புதர் போனது, கிழங்கு போனது. அதுவரை கிடைத்ததையெல்லாம் அன்றன்றே தின்று தீர்த்த மிருகங்களிடம் மறுநாளைக்கு ஒரு கொட்டைகூட இல்லை. அந்தக் கோடையில் பசியில் போன குட்டிகளை எண்ணிப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

மழை வந்ததும் காடு பச்சையாகிவிட்டது. எல்லோரும் மறந்துவிட்டார்கள். முள்ளம்பன்றிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அது ஒரு பாறைமேல் செம்மண்ணைப் பூசி, தன் முள் ஒன்றைப் பிடுங்கிக் கட்டம் கீறியது.

“இது ஒரு விளையாட்டு. ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை. இந்தப் பக்கம் இருப்பது குழி. குழியில் வைத்தால் பத்திரம், ஆனால் வளராது. அந்தப் பக்கம் வயல். வயலில் வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மடங்கு.”

“அப்போ எல்லாத்தையும் வயலிலேயே கொட்டிவிட வேண்டியதுதானே?” என்றது அணில்.

“பொறு, அவசரக்காரி. பிளந்த புளியங்கொட்டை நாலை உருட்டுவோம். நாலும் கறுப்பாக விழுந்தால் தீ! வயலில் இருப்பதெல்லாம் சாம்பல்.”

அன்றுமுதல் சாயங்காலமானால் பாறையைச் சுற்றிக் கூட்டம்தான்.

அணில் கையில் உள்ள அத்தனையையும் வயலில் வைக்கும். பெரும்பாலும் ஜெயிக்கும். எப்போதாவது தீ விழுந்தால், பக்கத்தில் கிடக்கும் குவியலிலிருந்து இன்னொரு பிடி புளியங்கொட்டையை அள்ளிக்கொண்டு, “விடுங்க, மறு ஆட்டம்!” என்று சிரிக்கும்.

கவுதாரி அப்படி இல்லை. முக்கால்வாசியைக் குழியில் வைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் வயலுக்கு எடுக்கும். அதனால் அது ஜெயித்ததே இல்லை. ஒரேயடியாக அழிந்துபோனதும் இல்லை.

“அக்கா, உன் கொட்டையெல்லாம் குழிக்குள்ளேயே கிழவியாகிவிடப் போகுது!” என்று அணில் கேலி செய்யும்.

“ஆகட்டுமே. கிழவியாவது மிச்சம் இருப்பாளே” என்று சொல்லும் கவுதாரி.

காட்டோரக் கொல்லையில் மனிதர்கள் கடலை பிடுங்கி முடித்தார்கள். மண்ணுக்குள் விட்டுப்போன கடலையை அணில் வெயிலில் தோண்டித் தோண்டி எடுத்து, இலுப்பை மரத்துப் பொந்தில் சேர்த்தது. பொந்துக்குள் கண் திறக்காத குட்டிகள் மூன்று கிடந்தன. அவை பால்குடி மறந்த பிறகு, கோடை முழுக்க அந்தக் கடலைதான் சாப்பாடு.

அப்போதுதான் பெருச்சாளி வந்தது. வயிறு தரையில் உரச நடந்து வந்தது.

“தங்கச்சி, பாறையில் நீ ஆடுவதைப் பார்த்தேன். உனக்கு இருக்கும் தைரியம் இந்தக் காட்டில் வேறு யாருக்கு இருக்கு?”

“சும்மா சொல்லாதீங்க அண்ணே” என்றது அணில். ஆனால் வால் தானாக மேலே தூக்கிக்கொண்டது.

“தெற்கு மேட்டில் கடலை விதைக்கப் போகிறேன். உன்னிடம் இருப்பதைக் கொடு. கோடைக்குள் ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பித் தருகிறேன். ஆனால் கொஞ்சநஞ்சம் கொடுத்தால் எனக்குக் கட்டுப்படியாகாது. எல்லாவற்றையும் கொடு.”

“எல்லாமேவா?”

“பாறையில் எல்லாவற்றையும்தானே வைக்கிறாய்? இங்கே மட்டும் என்ன பயம்?”

தைரியசாலி என்று பெயர் வாங்கிய பிறகு பயப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, குழந்தைகளே! அன்றே அது கடலையை வாய் வாயாக இறக்கிப் பாறையடியில் குவித்தது.

கவுதாரி பார்த்துவிட்டது. “என்னடி இது?”

அணில் எல்லாவற்றையும் சொன்னது. கவுதாரி, கடலையை வாங்கிப்போக வந்து நின்ற பெருச்சாளியைப் பார்த்தது.

“அண்ணே, வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிடலாம். நீங்களும் ஆடுங்கள். இன்று புளியங்கொட்டை வேண்டாம். அவரவர் கடலையை வைத்து ஆடுவோம். விளைந்தால் முள்ளம்பன்றி தன் வளையிலிருந்து இரட்டிப்பாகக் கொடுக்கட்டும். தீ விழுந்தால் வயலில் உள்ளதை அதுவே தின்றுவிடட்டும்.”

“எனக்குச் சம்மதம்” என்று முள்ளம்பன்றி உடனே உட்கார்ந்துவிட்டது.

சுற்றிலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் பெருச்சாளியால் தட்ட முடியவில்லை. தன் வளைக்குப் போய் வாய் நிறையக் கடலையோடு திரும்பியது.

முதலில் அணில் ஒரு பிடி அள்ளியது. வயலுக்கு மேலே கையை நீட்டியது. கை திறக்கவில்லை.

அது புளியங்கொட்டை இல்லை. கொல்லை மண் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. தோண்டும்போது பிய்ந்த நகம் இப்போது வலித்தது.

“என்ன தங்கச்சி, தைரியம் எங்கே போச்சு?” என்றது பெருச்சாளி.

“இதற்குப் புளியங்கொட்டை மாதிரிப் பக்கத்தில் வேறு குவியல் இல்லையே அண்ணே. போனால் எங்கே போய் அள்ளுவேன்?”

அணில் பிடியில் இருந்ததில் பெரும்பங்கைக் குழியில் வைத்தது. ஒன்றிரண்டை மட்டும் வயலில் வைத்தது. பிறகு, “உங்கள் முறை” என்றது.

பெருச்சாளி தன் கடலை அத்தனையையும் குழியில் தள்ளி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அணில் கேட்டது: “வயலில் ஒன்றுகூட வைக்கவில்லையே அண்ணே?”

“நான் குடும்பஸ்தன் அம்மா. பார்த்துத்தான் வைக்க வேண்டும்.”

“எனக்கும் குட்டிகள் இருக்கே! சரி, தெற்கு மேட்டில் உங்கள் கடலை எவ்வளவு விதைக்கிறீங்க?”

“என் கடலை எதற்கு? யோசனை என்னுடையது இல்லையா?”

மரத்தில் இருந்த குரங்குகள் சிரித்த சிரிப்பில் கிளை ஆடியது. பெருச்சாளி குழியிலிருந்த கடலையை மறக்காமல் வாயில் அடக்கிக்கொண்டு நடையைக் கட்டியது.

அணில் எல்லாவற்றையும் திரும்பப் பொந்துக்கு ஏற்றியது.

சில நாள் கழித்து அது கவுதாரியிடம் வந்தது. “அக்கா, எல்லாம் பொந்திலேயே கிடந்தால் அடுத்த கோடைக்கு என்ன செய்வேன்?”

“குட்டிகளுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கு. மேற்கொண்டு இருப்பதை எடுத்து வா. நானும் என் பங்கைக் கொண்டுவருகிறேன்.”

இரண்டும் ஓடைக்கரையில் ஆளுக்கு ஒரு பிடி விதைத்தன. பின்மழை பெய்தது. செடி மஞ்சளாகப் பூத்தது. அணில் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. காய் பிடித்த சமயத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று வந்து, மொத்தத்தையும் கிளறித் தின்றுவிட்டுப் போய்விட்டது.

விடிந்ததும் அணில் அந்தக் கிளறிய மண்ணில் உட்கார்ந்து அழுதது.

கவுதாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. “அழு. என்னுடையதும்தான் போச்சு” என்றது.

வெயில் ஏறியது. குட்டிகளுக்குப் பசிக்குமே என்று அணில் எழுந்து போனது. பொந்தில் ஒதுக்கி வைத்திருந்த கடலையை உடைத்து ஒவ்வொரு குட்டிக்கும் கொடுத்தது. ஓடைக்கரையில் என்ன நடந்தது என்று குட்டிகளுக்குத் தெரியாது. கோடை முடியும்வரை தெரியவே இல்லை. வயிறு நிறையத் தின்றுவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று காலைப் போட்டுக்கொண்டு தூங்கின.

நீதி: இழந்தாலும் வீட்டார் பசியில்லாமல் தூங்கும் அளவை மட்டுமே விதைக்க எடு, தன் பங்கை வைக்காதவன் கேட்டால் அதையும் கொடுக்காதே.