நாலு மணி அறிவிப்பு

ஒரு நாட்டின் வானிலை மையத்தில், மழையைக் கணிப்பதைவிடத் திட்டு வாங்குவதே பெரிய வேலையாகிப்போன காலம் அது.

போன வாரம் புயல் வரும் என்று எழுதினான் பூவராகன். வரவில்லை. ஊரே வெயிலில் வடகம் காயவைத்தது. மையத்தின் இணையதளத்தில் பொதுமக்கள் கருத்துப் பகுதி நிரம்பி வழிந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டாவது எழுதுங்கள் என்றார் ஒருவர். உங்கள் பக்கம் திறப்பதற்குள் மழையே விட்டுவிடுகிறது என்றார் இன்னொருவர். அத்தனையையும் ஒரு வரி விடாமல் படித்ததில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்குக் கடலுக்கு மேலே மறுபடியும் ஒரு காற்றுச் சுழல். நாலு மணிக்கு அறிவிப்பு ஏற வேண்டும். ஐந்து மணிக்குப் படகுகள் கிளம்பிவிடும். 'கடலுக்குப் போகாதீர்கள்' என்று அடித்தான், அழித்தான். 'லேசான மழைக்கு வாய்ப்பு' என்று அடித்தான். அதற்குமேல் கை ஓடவில்லை.

அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் மங்கையர்க்கரசி. அவனைவிட இரண்டே வயது மூத்தவர். அவரிடம் ஓடினான்.

"மேடம், நம்மளை ஒருத்தரும் நம்பல. யாருக்காக எழுதறது?"

அவர் அவனை ரொம்பக் கேவலமாகத் திட்டியவர் யார் என்று மட்டும் கேட்டார். அவன் யோசிக்கவே இல்லை. விசைப்படகுக்காரர் மிக்கேல்ராசு. திட்டியதோடு நிற்காமல் போன் நம்பரும் போட்டிருந்த ஒரே மகராசன். மங்கையர்க்கரசி அந்த எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

யார் பேசுவது என்று தெரிந்ததுமே ஆரம்பித்துவிட்டார் மனிதர். உங்கள் பேச்சைக் கேட்டுப் படகைக் கட்டிப்போட்டேன், கடல் குளம் மாதிரி கிடந்தது என்று பொரிந்து தள்ளினார். பூவராகனுக்குக் காது சூடேறியது.

மங்கையர்க்கரசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இன்னைக்குக் கிளம்பியாச்சா?" என்றார்.

"எப்படிம்மா கிளம்புறது? மணி நாலேகால் ஆச்சு, நீங்க இன்னும் ஒண்ணும் போடலையே. ஐஸை ஏத்திட்டு உங்க பக்கத்தைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். சீக்கிரம் போடுங்க."

பூவராகன் தன் இடத்துக்குப் பறந்தான். 'கடலுக்குப் போகாதீர்கள்' என்று அடித்து, இந்த முறை அழிக்காமல் ஏற்றினான். சந்தோஷமா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"இந்தத் தடவையும் வராமப் போச்சுன்னா, மேடம்?"

"திட்டுவாரு," என்றார் மங்கையர்க்கரசி. "கரையில உக்காந்துக்கிட்டுத் திட்டுவாரு."